கண்மாய்க் கரையில் கேரவனை நிறுத்தலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். டெக்சாஸில் பல வருடம் இருந்து பழகியவர் நீங்கள். அங்கே ஆர்வி, அதாவது படுக்கையும் அடுப்பும் உள்ள வண்டி, எடுத்துக்கொண்டு ஏரிக்கரைப் பூங்காவுக்குப் போவீர்கள். காலையில் கட்டணம் கட்டி, மர மேசையில் சமைத்துச் சாப்பிட்டு, பிள்ளைகளைத் தண்ணீரில் விளையாட விட்டு, ராத்தங்கல் இல்லாமல் கிளம்பிவிடுவீர்கள். வரும் பொங்கலுக்குச் சென்னையில் ஓட்டுநரோடு ஒரு கேரவனை வாடகைக்கு எடுத்து, 74 வயது அம்மாவோடும் இரண்டு பிள்ளைகளோடும் காரைக்குடிப் பக்கம் வருகிறீர்கள். அதே மாதிரி ஒரு பகல் கழிக்க செட்டிநாட்டில் ஏரிப் பூங்கா எங்கே இருக்கிறது, வண்டியைத் தண்ணீர் ஓரம் வரை கொண்டுபோகலாமா என்பது உங்கள் கேள்வி. இதற்குள் நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்றும் இருக்கிறது: இங்கே தண்ணீர்க்கரை யார் பொறுப்பில் இருக்கிறது, யாரிடம் சொல்லிவிட்டு அங்கே உட்கார வேண்டும்? முதல் கேள்விக்கு ஒரு வரி போதும். இரண்டாவதுக்குத்தான் இந்த நீளம்.

நான் பொதுப்பணித்துறையின் நீர்ப்பாசனப் பிரிவில் 27 வருடம் இருந்தவன். அதில் பாதிக்கு மேல் சிவகங்கை மாவட்டக் கண்மாய்களில் போனது. ஓய்வுக்குப் பிறகு ஒரு பழைய டெம்போ டிராவலரை வாங்கி, படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் வைத்து, மாற்றத்தை ஆர்டிஓவில் முறையாகப் பதிவு செய்து ஆறு வருடமாக ஓட்டுகிறேன். வண்டி நீளம் 7 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, கூரை ஏசியோடு உயரம் 3 மீட்டர். நான் சொல்வதெல்லாம் இந்த அளவு வண்டிக்குத்தான். பஸ்ஸையே கேரவனாக்கிய 10 மீட்டர் வண்டி என்றால் என் பேச்சை நம்பி உள்ளூர்ச் சாலையில் இறங்காதீர்கள். அது எனக்குக் கைப்பழக்கம் இல்லாத வண்டி.

சரி, அந்த ஒரு வரி. நிறுத்துமிடம், மின் இணைப்பு, கழிவு இறக்கும் இடம் எல்லாம் சேர்ந்த ஏரிப் பூங்கா ஒன்றை செட்டிநாட்டு ஊர்களுக்குள் நான் கண்டதில்லை. தண்ணீருக்கு மட்டும் குறைவில்லை. மழை ஏமாற்றாத வருடம் தை மாதத்தில் காரைக்குடியிலிருந்து எந்தச் சாலையில் போனாலும் கண்மாய் கண்ணில் படும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு, ஒரு கட்டுப்பாடு உண்டு. அது தெரியாமல் வண்டியை ஓரம்கட்டினால்தான் சங்கடம்.

ஊருணியிலிருந்து தொடங்குகிறேன். வெளியூர்க்காரர்கள் முதலில் மயங்குவது அதில்தான். சதுரமாக வெட்டி, நாலு புறமும் செம்பாறாங்கல் படி கட்டி, அகலமான தெருவை ஒட்டி, மர நிழலோடு இருக்கும். பார்த்ததும் ‘நிறுத்த நல்ல இடம்’ என்றே தோன்றும். அது குடிக்கிற தண்ணீர். குழாய்த் தண்ணீர் வந்த பிறகும் பல ஊர்களில் ஊருணித் தண்ணீரைக் குடத்தில் எடுக்கிறார்கள், அதில் கால் நனைக்க விடமாட்டார்கள், துணி துவைக்கவோ மாடு குளிப்பாட்டவோ வேறு குளம் வைத்திருப்பார்கள். வீட்டு முற்றத்தில் விழும் மழையை அண்டாவில் பிடித்து, மிச்சத்தைத் தெருக்கால் வழியாக ஊருணிக்கு அனுப்புகிற மாதிரி ஊரையே அமைத்தவர்கள் இவர்கள். 2014இல் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகளை யுனெஸ்கோ தன் தற்காலிகப் பட்டியலில் சேர்த்தபோது மாளிகைகளோடு இந்த நீர் ஏற்பாடும் கணக்கில் வந்தது. அதனால் ஊருணிக் கரையில் நின்று பார்க்கலாம், படம் எடுக்கலாம். வண்டியின் சிங்க் குழாய் சொட்டிக்கொண்டிருந்தால் அங்கே நிறுத்தவே வேண்டாம். பாத்திரம் கழுவிய தண்ணீர் சரிவில் எங்கே போகும் என்று நினைத்துப் பாருங்கள்.

கண்மாய் வேறு கதை. அது பாசனத்துக்கு. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், உள்ளவை நீர்வளத்துறையிலும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திலும் இருப்பது தமிழ்நாட்டு வழக்கம். காகிதத்தில் அரசு நிலம். கரையில் நின்று பார்த்தால் அத்தனை பேருக்கும் அதில் பாத்தியதை இருக்கும். மடையைத் திறப்பது ஆயக்கட்டுக்காரர்கள் முடிவு. மீன் பாசி ஏலம், அதாவது மீன் பிடிக்கும் ஏலம், எடுத்தவருக்குத் தண்ணீருக்குள் உரிமை. கரையில் ஐயனாரோ கருப்பரோ இருப்பார், அவருக்கு ஒரு பூசாரி. எல்லாவற்றுக்கும் மேலே ஊர் அம்பலம், அதாவது ஊர்த் தலைவர். தை மாதம் பல ஊர்களில் நெல் கதிர் முற்றும் சமயம், தண்ணீர்ப் பங்கீட்டில் ஆளுக்கு ஆள் சூடாக இருப்பார்கள். அந்த நேரத்தில் வெள்ளை வண்டி ஒன்று மடைப் பக்கம் வந்து நின்றால் ‘அளக்க வந்திருக்கான்’ என்றுதான் முதலில் நினைப்பார்கள். என்னையே நினைத்திருக்கிறார்கள்.

அனுமதி வாங்குவது கஷ்டமே இல்லை. ஊருக்குள் நுழையும் முன் டீக்கடையில் நிறுத்துங்கள், இறங்கி டீ குடியுங்கள். ‘எந்த ஊரு? யாரு வீட்டுப் பிள்ளை?’ என்று அவர்களே கேட்பார்கள். உங்கள் அம்மா பக்கத்தில் இருந்தால் பாதி வேலை முடிந்தது, அவர்கள் இரண்டு கேள்வியில் ஒரு சொந்தத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பிறகு, ‘அண்ணே, பிள்ளைகளுக்குக் கம்மாயைக் காட்டணும், சாயங்காலம் வரைக்கும் இருந்துட்டுப் போயிருவோம், வண்டிய எங்க நிறுத்தினா யாருக்கும் இடைஞ்சல் இல்லை?’ என்று கேளுங்கள். ‘நிறுத்தலாமா?’ என்று கேட்பதைவிட ‘எங்க நிறுத்த?’ என்று கேட்பது மேல். இடம் காட்டியவருக்கு அந்த வண்டியின் மேல் ஒரு பொறுப்பு வந்துவிடும். இப்படிக் கேட்டும் ஒரே ஒரு ஊரில் வேண்டாம் என்றார்கள். அன்றைக்கு அங்கே ஒரு துக்கம்.

தண்ணீர் ஓரம் வரை வண்டி போகுமா என்றால், போகாது. போனால் வராது. கண்மாய்க் கரை மண் கரை. மேலே ஒரு டிராக்டர் போகிற அகலம்தான் இருக்கும், திருப்ப இடம் கிடையாது, நடுவில் மடைக்கு மேலே கட்டுமானம் பழசாக இருக்கலாம். பின்னோக்கி ஓட்டிக்கொண்டே வெளியே வர வேண்டும். கரையில் ஏறாமல் உள்வாய்ப் பக்கம், அதாவது தண்ணீர் வற்றிய படுகை வழியாகப் போகலாம் என்று தோன்றும். அந்தத் தப்பை நானே செய்தேன். ஒரு கார்த்திகை மாதம், மழை விட்டு நாலு நாள் ஆகியிருந்தது. மேலே பொருக்குத் தட்டிக் காய்ந்த தரை, கீழே வண்டல் சேறு. பின்சக்கரம் அச்சு வரை இறங்கிவிட்டது. நாலு மணி நேரம் கழித்து டிராக்டர் வந்தது. ஓட்டி வந்தவர் கயிற்றைக் கட்டிவிட்டு என்னை உற்றுப் பார்த்துக் கேட்டார்: ‘சார், நீங்கதானே இந்தக் கம்மாய்க்கு இன்ஜினியரா இருந்தீங்க?’ கூட்டம் சிரித்தது, நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய? செம்மண் சரளை தெரிகிற மேட்டில் நிறுத்துங்கள், மிச்சத்தை நடங்கள். சரளையிலும் சீமைக்கருவேல முள்ளைப் பார்த்துக்கொள்ளுங்கள்; காய்ந்த முள் டயரின் பக்கவாட்டில் ஏறினால் பஞ்சர் ஒட்டுகிறவரும் கையை விரித்துவிடுவார்.

பிள்ளைகளைத் தண்ணீரில் விடுவது பற்றி நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன். டெக்சாஸ் பூங்காக்களில் நீந்தும் இடத்துக்கு மிதவைக் கயிறு கட்டி எல்லை போட்டிருப்பார்கள், ஆழமும் ஓரளவு சீராகக் கூடும். கண்மாய்ப் படுகை அப்படி இருக்காது. சவுடு மண் அள்ளிய இடங்களில் முழங்கால் ஆழத்துக்கு அடுத்த அடியே இரண்டு ஆள் ஆழம் இருக்கும், கலங்கிய தண்ணீரில் மேலிருந்து பார்த்தால் தெரியாது. தமிழ்நாட்டில் ஒவ்வொரு விடுமுறையிலும் பிள்ளைகள் மூழ்கி உயிரை விடுவது இப்படிப்பட்ட பள்ளங்களில்தான். மடை திறந்திருந்தால் அதன் வாய் கீழே இழுக்கும். மேல்மட்டத்தில் ஒரு சுழிகூடத் தெரியாமலே இழுக்கும், நன்றாக நீந்தத் தெரிந்தவனையும் விடாது. கலுங்கு, அதாவது மிகுதித் தண்ணீர் வெளியேறும் இடம், வழிந்தால் பார்க்க அழகு, பாசியில் கால் நிற்காது. ஆண்கள் துறை, பெண்கள் துறை என்று ஊர்க்காரர்கள் குளிக்கும் படித்துறை இருந்தால் அவர்களோடு சேர்ந்து படியிலேயே குளிக்கலாம். அதற்கு மேல் வேண்டாம். தண்ணீரில் ஆட்டம் போட ஆசை இருந்தால் வேறு வழி இருக்கிறது, சொல்கிறேன்.

பறவை பார்க்கும் ஆர்வம் வீட்டில் யாருக்காவது இருந்தால் வேட்டங்குடிக்கு ஒரு காலைப் பொழுதைக் கொடுங்கள். சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூரிலிருந்து மதுரை போகும் சாலையில், கொள்ளுக்குடிப்பட்டியில் இருக்கிறது. பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடி என்று மூன்று கண்மாய்கள், 38.4 ஹெக்டேர், 1977இல் சரணாலயமாக அறிவித்தார்கள். சட்டம் வருவதற்கு முன்பிருந்தே காப்பவர்கள் அந்த ஊர் மக்கள். பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்குக்கூட அங்கே வெடி வெடிப்பதில்லை. மஞ்சள் மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், பாம்புத்தாரா எல்லாம் வரும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை பருவம், ஆனால் மழை பொய்த்த வருடம் பறவையும் குறையும். போகும் வாரம் அங்கே தண்ணீர் கிடக்கிறதா என்று திருப்பத்தூர் வனத்துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பொழுது விடியும் நேரம் போய், வண்டியைச் சாலைப் பக்கமே நிறுத்தி, எஞ்சினையும் ஜெனரேட்டரையும் அணைத்துவிட்டு நடங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் இடம் அது, அங்கே அடுப்பு மூட்டும் பேச்சே கூடாது. எட்டரைக்கெல்லாம் கிளம்பினால் திருப்பத்தூரில் சூடாக இட்லி கிடைக்கும்.

மீதிப் பகலுக்கு என் யோசனை தோப்பு. நீங்கள் தேடும் பூங்காவுக்கு எங்கள் பக்கத்து வடிவம் அதுதான் என்பேன். கண்மாயை ஒட்டிய ஆயக்கட்டில் தென்னையோ மாவோ வைத்த தனியார் தோப்புகள் நிறைய. கேட் இருக்கும், டிராக்டர் போய் வந்த கெட்டித் தரை இருக்கும், நிழல் இருக்கும், பம்புசெட் இருக்கும். பிள்ளைகளுக்கு பம்புசெட் தொட்டிபோல ஒரு குளியல் எங்கும் கிடையாது, ஆழமும் இடுப்பளவுதான். அம்மாவுக்கு ஒரு கயிற்றுக் கட்டில் போட்டுவிடலாம். அடுப்பு மூட்ட யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள், கோழிக் குழம்பு வைத்தாலும் ஐயனார் கோயில் வாசலில் வைத்த சங்கடம் இல்லை. உங்கள் சொந்தக்காரர்களில் ஒருவருக்காவது தோப்பு இருக்கும், இல்லையென்றால் அவர்களுக்குத் தெரிந்தவருக்கு இருக்கும். சொந்தக்காரரிடம் வாடகை பேசாதீர்கள், மனம் சுருங்கிவிடும். தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவர் கையில் கிளம்பும்போது கொடுப்பதைக் கொடுங்கள், அவரையும் உட்காரவைத்துச் சாப்பிடச் சொல்லுங்கள். வெயில் தாழ்ந்ததும் அங்கிருந்தே கண்மாய்க் கரைக்கு நடக்கலாம். தை மாதம் ஆறு மணியை ஒட்டிப் பொழுது சாய்ந்துவிடும். இருட்டிய பிறகு கரையில் நிற்காதீர்கள். கொசு ஒரு பக்கம். அறுப்பு நேரத்தில் எலியைத் தேடி வயலுக்கு வரும் கண்ணாடி விரியன் இன்னொரு பக்கம். டார்ச்சும் மூடிய காலணியும் அவசியம். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். 108ஐ அழைத்து நேரே அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

வண்டிக்குள் வருகிறேன். கழிப்பறைதான் பெரிய தலைவலி. டெக்சாஸில் போலக் குழாயைச் சொருகிக் கழிவை இறக்கிவிடும் இடம் இந்தப் பக்கம் கிடையாது. வாடகைக்கு எடுக்கும்போதே கழற்றி எடுக்கும் பெட்டி வகைக் கழிப்பறையா, அடியில் பொருத்திய தொட்டியா என்று கேளுங்கள். பெட்டி என்றால் சொந்தக்காரர் வீட்டுக் கழிப்பறையிலோ தங்கும் விடுதியிலோ சொல்லிவிட்டுக் கொட்டிக் கழுவலாம். கிருமிநாசினி ரசாயனத்தை அளவாக ஊற்றுங்கள், அதிகமானால் அந்த வீட்டு செப்டிக் டேங்கில் வேலை செய்யும் பாக்டீரியா செத்துவிடும். அடித்தொட்டி என்றால் செப்டிக் டேங்க் லாரியை அழைக்க வேண்டியதுதான், நகராட்சி உரிமம் உள்ள லாரியா என்று பார்த்து அழையுங்கள். வாய்க்காலில் திறந்துவிடும் ஓட்டுநர்களை நான் பார்த்திருக்கிறேன், உங்கள் ஓட்டுநரிடம் முதல் நாளே இதைப் பேசிவிடுங்கள். குடிக்கும் தண்ணீரைக் காரைக்குடியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். சம்பை ஊற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்கு வேறு தண்ணீர் நாக்கில் ஒட்டாது என்று ஊரில் சொல்வார்கள், அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். 100 லிட்டர் என்றால் 100 கிலோ என்பதை மட்டும் மறக்காதீர்கள். நிறைந்த தொட்டியோடு மண் சாலையில் இறங்குவது வேறு, காலித் தொட்டியோடு இறங்குவது வேறு.

இதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். 2024 டிசம்பரில் கேரளத்து வடகரையில் சாலையோரம் நின்ற ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடுதான் காரணம். அதற்கு மணம் கிடையாது, தூக்கத்திலேயே முடித்துவிடும். ஏசிக்காக ஜெனரேட்டரை ஓடவிட்டு உள்ளே மதியத் தூக்கம் போடாதீர்கள். மழை பெய்கிறது என்று கரி அடுப்பை உள்ளே எடுத்து வராதீர்கள். கேஸ் கசிந்தால் அது காற்றைவிடக் கனமானது, தரையில்தான் தேங்கும்; தரை மட்டத்தில் காற்றுத் துளை இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். வாடகை வண்டிக்கு மஞ்சள் எண் பலகை இருக்க வேண்டும். சொந்த உபயோகத்துக்குப் பதிவான வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்குத் தந்தால், விபத்து நடக்கும்போது காப்பீட்டுக்காரர்கள் முதலில் பிடிப்பது அதைத்தான்.

நாள் குறிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். தை 3 அன்று சிராவயல் மஞ்சுவிரட்டு. காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் போகும் சாலை அன்றைக்கு உங்களுடையதாக இருக்காது. பொட்டலில் அவிழ்த்துவிட்ட காளை சாலை எது வயல் எது என்று பார்க்காது. வண்டியைக் காரைக்குடியிலேயே விட்டுவிடுங்கள், அல்லது அன்று தெற்கே போங்கள். தைப்பூசம் பொங்கலை ஒட்டி வரும் வருடம் என்றால் குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் பழனிக்கு நடக்கும் நகரத்தார் காவடிகளும் பாதயாத்திரைக் கூட்டமும் சாலையில் இருக்கும். விடியலுக்கு முன்பே நடக்கத் தொடங்கிவிடுவார்கள். அந்தச் சாலையில் இருட்டில் பெரிய வண்டி ஓட்டுவதை நான் விட்டுவிட்டேன்.

தெற்கே என்றேனே, அதற்கு ஓர் இடம் சொல்கிறேன். செட்டிநாட்டு எல்லையைத் தாண்டலாம் என்றால், தேவகோட்டை வழியாகத் தொண்டிக்குப் போய்க் கடற்கரைச் சாலையில் திரும்பினால் காரங்காடு. ராமநாதபுரம் மாவட்டம். வனத்துறையும் மீனவ மக்களும் சேர்ந்து நடத்தும் அலையாத்திக்காட்டுச் சுற்றுலா. பகலில் படகு ஓட்டுகிறார்கள், சொல்லிவைத்தால் மீன் சாப்பாடு கிடைக்கும், ராத்தங்கல் கிடையாது. நீங்கள் பழகிய பகல் நேரப் பூங்காவுக்கு ஒழுங்கில் மிக நெருங்கி வருவது இதுதான். கடல் கொந்தளிப்பாக இருந்தால் படகை நிறுத்திவிடுவார்கள், அதனால் முந்தின நாளே கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

தோப்புக்காரரிடம் பேசும்போது வண்டியின் உயரத்தையும் நீளத்தையும் அடிக்கணக்கில் சொல்லிவிடுங்கள். ‘வேன்தானே’ என்று அவர் நினைத்துக்கொள்வார், வாசலில் தாழ்வாக ஓடும் மின்கம்பி ஞாபகம் வராது. ஊர் நுழைவு வளைவும் ரயில்வே சுரங்கப்பாதையும் வந்தால் ஓட்டுநரை இறங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த மனிதருக்குத் தோப்பில் ஒரு பாயும் மத்தியானம் ஒரு மணி நேரத் தூக்கமும் கொடுங்கள். ராத்திரி திரும்பும்போது வண்டி அவர் கையில்தான் இருக்கும்.